சிறுநீர் தரும் முன்னறிவிப்பு

கடியப்பட்டணம் புனித பேதுரு பவுல் ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளிவரும் குடும்பங்களுள், சர்க்கரை வியாதிக்கு மாத்திரை உண்பவர் ஒருவரேனும் இருக்கும் குடும்பங்கள் இன்று பல. அவ்வியாதி கண்ணைக் கெடுக்கும், காற்புண்ணை ஆறவிடாது என்பதை நம் தாய்மார் நன்கறிவர். சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேசக் கேட்டதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. சிறுநீரகம் வலிக்காமலே கெடுகிறது. கால் வீங்கி, பசி அற்று, மூச்சு இரைக்கும் நாளில் அதன் ஆற்றலில் பெரும்பகுதி போயிருக்கும். பின்னர் வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ். கடலுக்குப் போகும் குடும்பத் தலைவனுக்கு இந்நிலை வந்தால் அவ்வீட்டின் கதி என்ன?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தை அவை வெளியே விடுவதில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், கண்ணி தளர்ந்த வலையைப்போல வடிகட்டி தளர்ந்து, ஆல்புமின் சிறிது சிறிதாகக் கசியும்.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் 1827-இல் நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சினார். முட்டையின் வெண்கரு போல அது உறைந்ததைக் கண்டு, சிறுநீரக நோயை அடையாளம் காட்டினார். அதே மருத்துவமனையில் விபர்ட்டி, கீன் முதலியோர் 1982-இல் மேலும் ஒரு படி சென்றனர். சாதாரணச் சோதனைக்கு எட்டாத மிகச் சிறிய கசிவே, பின்னாளில் வரவிருக்கும் நோயை நீரிழிவாளரிடம் முன்னறிவிக்கிறது என்று காட்டினர்.

நம்மவர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. "ஆல்புமின் இல்லை" என்று எழுதிய சீட்டைக் கண்டு மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். நிறம் மாறும் சாதாரணப் பட்டை, கசிவு பெரிதான பின்னரே பெரும்பாலும் அதைக் காட்டும். தொடக்கக் கசிவை அறிய ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கவேண்டும். 1 கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குள் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் நோய் முற்றுகிறது. வெயிலில் தண்ணீர் குடியாது உழைப்பவரின் சிறுநீர் செறிந்திருக்கும் அன்றோ? கிரியேட்டினினோடு ஒப்பிடுவதால் அந்த வேறுபாடு கணக்கைக் கெடுப்பதில்லை.

சாதாரணச் சோதனை வீண் என்பதன்று. சென்னை மருத்துவர் எம். கே. மணி நிறுவிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990-களில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே பணியாற்றியது. உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று, சிறுநீரில் அமிலத்துளி விட்டுப் புரதம் பார்த்தனர்; இரத்த அழுத்தமும் அளந்தனர். மருந்தும் விலை குறைந்த மாத்திரைகளே. நம் அன்பியங்களில் இதைச் செய்ய இயலாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தமிழக அரசும் 2023-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரகச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது.

கசிவை ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் அதைக் குறைக்கலாம், சிலரிடம் நிறுத்தவும் செய்யலாம். எனலாப்ரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரைகளை மருத்துவர் தருவார்; அண்மைக் காலத்தில் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்துள்ளது. கருவாட்டு உப்பைக் குறைக்கவேண்டும். உடல்வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் பகை.

முதுமையில் வரும் வகை நீரிழிவாயின் நோய் கண்ட நாளிலிருந்தே, இளம் வயதில் இன்சுலின் ஏற்போராயின் ஐந்தாண்டு கழிந்தபின், ஆண்டுதோறும் இச்சோதனை வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கவேண்டும். காலையில் முதலில் கழியும் சிறுநீரே சிறந்தது. காய்ச்சலோ நீர்க்கடுப்போ உள்ளபோதும், பெண்கள் மாதவிலக்கு நாட்களிலும் கொடுத்தல் ஆகாது. கடும் உழைப்பும் ஆல்புமினைச் சற்றுக் கூட்டுமாதலால், இரவெல்லாம் வலை இழுத்துக் கரையேறியவர் அன்று கொடாமல், ஒரு நாள் ஓய்ந்து மறுநாள் கொடுக்கட்டும். முதல் முறை மிகுதியாக இருப்பின் அஞ்சவேண்டா. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து, இருமுறை மிகுந்திருந்தாலே மருத்துவர் அதை நோயெனக் கொள்வர்.