தேனீ வராத வயலில் மகசூல் குறையும்

"பூக்கொண்டை பெரிதாகத்தான் வந்தது, ஆனால் விதையில் பாதி பொக்கு" என்று சூரியகாந்தி பயிரிடும் விவசாயிகள் சிலர் கூறுவதுண்டு. உரமும் நீரும் போதாமல் போவது இதற்கு ஒரு காரணம். பூத்திருந்த நாட்களில் போதிய தேனீக்கள் வராதது மற்றொரு காரணம். தேனீ என்றதும் தேன்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பயிர் செய்பவருக்குத் தேனைவிட அதிகப் பலன் தருவது, தேனீ செய்யும் அயல் மகரந்தச் சேர்க்கையே ஆகும்.

விதை பிடிப்பது எப்படி?

சூரியகாந்தியின் கொண்டை ஒரே பூ அல்ல. நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் தொகுப்பு. இவை ஓரத்திலிருந்து நடுப்பகுதி நோக்கி, சுமார் ஒரு வாரம் முதல் 10 நாட்கள் வரை மலர்கின்றன. ஒவ்வொரு சிறு பூவிலும் முதலில் மகரந்தம் வெளிப்படுகிறது; அதன் பிறகே சூல்முடி அதை ஏற்கும் பக்குவம் அடைகிறது. ஆகவே, ஒரு பூவின் மகரந்தம் அதே பூவுக்கு உதவுவது குறைவு. மகரந்தத் தூள் பிசுபிசுப்பாக இருப்பதால் காற்றிலும் எளிதில் பரவாது. வீரிய ஒட்டு ரகங்களில் தானாகவே ஓரளவு விதை பிடிக்கும் என்றாலும், தேனீ வந்தால் பொக்கு மேலும் குறையும்.

பூசணி, வெள்ளரி போன்ற கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூசணிப் பூ அதிகாலையில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். மகரந்தம் போதாத வெள்ளரிக்காய் கோணலாக வளரும்.

ஒரு முறை கூட்டிலிருந்து புறப்படும் தேனீ, பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடிச் செல்லும். எனவே மகரந்தம் வீணாகாமல், வேண்டிய பூவுக்கே போய்ச் சேருகிறது.

நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்குத் தேனீ தேவையில்லை. ஆனால் உலகின் முக்கிய உணவுப் பயிர்கள் 115-ஐ ஆராய்ந்து 2007-ல் வெளியான கணக்கின்படி, 87 பயிர்களுக்குத் தேனீ முதலான உயிரினங்களின் உதவி ஏதோ ஓர் அளவில் தேவைப்படுகிறது. காய், கனி, எண்ணெய் வித்துகளில் பல இதில் அடங்கும். காட்டு மரம், செடிகள் பலவும் விதை விட்டுப் பெருகுவதற்கு இவற்றையே நம்பியுள்ளன.

தேனீக்கு வரும் கேடு

1991, 1992-ஆம் ஆண்டுகளில் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் பரவி, கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டிகளில் வளர்த்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. நோயைத் தடுப்பது எளிதன்று. ஆனால் பூச்சி மருந்தால் வரும் அழிவைத் தடுப்பது விவசாயிகளின் கையிலேயே உள்ளது.

கவனிக்க வேண்டியவை

* பயிர் பூத்திருக்கும்போது மருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். பூப்பதற்கு முன்பே பூச்சித் தாக்குதலைக் கவனித்துக் கட்டுப்படுத்துவது நல்லது.

* தெளித்தே ஆக வேண்டுமானால், வெயில் தாழ்ந்து தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு தெளிக்கவும். காலையில் தெளிக்கவே கூடாது.

* தூள் மருந்து மகரந்தத்தோடு தேனீயின் உடலில் ஒட்டிக் கூடு வரை போய்ச் சேரும். பூக்கும் பயிரில் அதைத் தூவுதல் ஆகாது.

* சூரியகாந்திக்கு ஏக்கருக்கு 2 தேனீப் பெட்டிகள் வைக்கலாம். தேனீ நடமாட்டம் குறைவாக இருந்தால், காலை 9 முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிய துணியால் கொண்டைகளை மாற்றி மாற்றி மெதுவாகத் தடவி விடலாம். இதற்கு ஆள் கூலி ஆகும். தேனீ கூலி கேட்பதில்லை.

* மரத்தில் உள்ள தேன் அடைக்குத் தீயிட்டுத் தேனீக்களைக் கொல்லக் கூடாது. வேலியோரம் புங்கன், வேம்பு, முருங்கை இருந்தால், பயிர் பூக்காத காலத்திலும் அவற்றுக்கு இரை கிடைக்கும்.

தேனீக்கு வரப்பு தெரியாது. ஒருவர் காலையில் தெளிக்கும் மருந்து, பக்கத்து வயலில் விதை பிடிப்பதையும் கெடுத்துவிடும். எனவே, மருந்து தெளிக்கும் நாளையும் நேரத்தையும் அக்கம்பக்கத்தாருக்கும் தேனீ வளர்ப்போருக்கும் முந்தின நாளே சொல்லிவிடுவது நலம். அவர்கள் பெட்டிகளை இடம் மாற்றவோ, வாயிலை மூடவோ அவகாசம் கிடைக்கும்.