அரிசியை நிறுத்திய முதல் மூன்று வாரம்



மளிகைக்கடைக்காரருக்கு மாதச் சாமான் சீட்டைப் பார்த்தாலே அந்த வீட்டுச் செய்தி பாதி தெரிந்துவிடும். அரிசிச் சிப்பம் பாதியாகி, சீனி அறவே நின்று, பாதாம் ஒரு கிலோ, நெய் ஒரு கிலோ, முட்டை இரண்டு அட்டை என்று சீட்டு வந்தால் அங்கே யாரோ பேலியோ அல்லது கீட்டோ உணவுமுறையைத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதே வீட்டிலிருந்து மூன்றாவது வாரமே பழையபடி பொன்னி அரிசி கேட்டு ஆள் வருவதும் உண்டு. இடையில் என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் நம்மிடம் யோசனை கேட்கிறார் என்பது ஒருபுறம். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து இரவு பத்து மணிக்கு எழுந்திருக்கும் நம்மில் பலருக்கும் சர்க்கரையும் தொந்தியும் உண்டு, நாமும் இதில் இறங்குகிறோம் என்பது மறுபுறம்.

இது புதிய சங்கதி அன்று. 1863-இல் லண்டனில் இறுதிச்சடங்கு ஏற்பாட்டுத் தொழில் செய்த வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டுத் தாம் இளைத்த கதையைச் சிறு பிரசுரமாக அச்சிட்டார். 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோய்க்கென்று ஓர் உணவுமுறையை முன்வைத்து அதற்கு கீட்டோஜெனிக் என்று பெயரிட்டார். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவமனைக் கண்காணிப்பில் அதைக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியாண்டர் செல்வன் முகநூல் வழியாகவும் 'பேலியோ டயட்' என்ற நூல் வழியாகவும் இதன் தம்பியான பேலியோவைப் பரப்பினார். நம் கடைகளில் பாதாம் விற்பனை பட்டியலில் மேலே ஏறியது அதற்குப் பிறகுதான்.

உடம்புக்குள் நடப்பதை நமது தொழிலை வைத்தே புரிந்துகொள்ளலாம். நமது கடையின் முன்பக்கம் கொஞ்சம் சரக்கு இருக்கும், பின்னால் குடோனில் மொத்தச் சரக்கு இருக்கும். அரிசியும் கோதுமையும் சீனியும் தரும் மாவுச்சத்தில் சுமார் அரைக் கிலோ அளவை உடம்பு ஈரலிலும் தசையிலும் முன்கடைச் சரக்காக வைத்திருக்கிறது. இதற்கு கிளைக்கோஜன் என்று பெயர். குடோன் சரக்கு என்பது கொழுப்பு. முன்கடையில் சரக்கு இருக்கும்வரை குடோனை யாரும் பெரிதாகத் திறப்பதில்லை. நாளுக்கு 50 கிராமுக்கும் குறைவாக, சிலர் 20 கிராமுக்கும் குறைவாக, மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முன்கடை காலியாகிறது. பிறகு ஈரல் கொழுப்பை உடைத்து கீட்டோன் என்ற பொருளைச் செய்கிறது. மூளையும் தசையும் அதை எரித்து வேலை செய்யப் பழகுகின்றன. அந்தப் பழக்கம் ஒரே நாளில் வருவதில்லை, சில வாரங்கள் ஆகின்றன.

முதல் வாரத்தில் தராசு இரண்டு மூன்று கிலோ இறங்கிக் காட்டும். அதைக் கண்டு கடைவீதியெல்லாம் சொல்லித் திரிய வேண்டாம். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. அது தீரும்போது தண்ணீரும் போகிறது. முன்பணமாக வந்ததை லாபத்தில் எழுதினால் எப்படியோ அப்படித்தான் இந்த இரண்டு கிலோவும். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் பாதி திரும்பிவிடும்.

தண்ணீரோடு உப்பும் போகிறது என்பதுதான் பெரும்பாலோர் அறியாத விஷயம். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் சுரப்பு குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை வழக்கத்தைவிட அதிகமாக வெளியேற்றுகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் தலைவலி, அசதி, எரிச்சல், எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவற்றில் பெரும் பங்கு இந்த உப்புக் குறைவால் வருவது. மேல்நாட்டார் இதை கீட்டோ காய்ச்சல் என்கிறார்கள். காய்ச்சல் ஒன்றும் கிடையாது, பலருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை அண்ணாச்சி" என்று ஐந்தாம் நாள் இட்லிக் கடைக்குத் திரும்புகிறவர்களில் பாதிப் பேரை ஒரு டம்ளர் உப்பிட்ட எலுமிச்சைத் தண்ணீர் நிறுத்தி வைத்திருக்கும் என்பது என் எண்ணம். எலுமிச்சைக்கு நமக்குப் பக்கத்திலேயே புளியங்குடி சந்தை இருக்கிறது, உப்புக்குத் தூத்துக்குடி இருக்கிறது. சீனி போடாமல், நாளுக்கு இரண்டு முறை, கால் டீஸ்பூனுக்கு மேல் போகாத உப்போடு எலுமிச்சைத் தண்ணீரோ நீர்மோரோ எலும்பு ரசமோ குடிக்கலாம். இரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

இந்த இடத்தில் வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்துப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று பத்து மடங்கு விலையில் வாங்க அவசியமில்லை. சோடியம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். சாதாரணப் பாக்கெட் உப்பில் அயோடின் வேறு இருக்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று வருகிறதே, அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகைக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. கேட்கிறவருக்கு எடுத்துக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

சாப்பாட்டில் மனிதரை ஏமாற்றுவது சோறு அல்ல. சோற்றை நிறுத்தியாயிற்று என்று தெரிகிறதே. ஏமாற்றுவது டீ. கடைக்கு வருகிற சீனி போட்ட டீ ஒரு கிளாஸில் சீனியும் பாலும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கிராம் மாவுச்சத்து இருக்கும். மொத்த வியாபாரத்தில் வருகிற போகிற பார்ட்டிக்கெல்லாம் டீ சொல்லி நாமும் ஒன்று குடித்தால் மாலைக்குள் ஆறு ஆகிறது. அன்றைய அளவு அதிலேயே முடிந்தது. இட்லி ஒன்றில் ஏறக்குறைய பத்துக் கிராம். தேங்காய்ச் சட்னி நல்லது, ஆனால் பொட்டுக்கடலை சேர்த்து நீட்டாத சட்னி. சாம்பாரில் பருப்பைப் பார்க்க வேண்டும். துவரம்பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். இளநீரிலும் சர்க்கரை உண்டு. முட்டை, மீன், கறி, பனீர், தேங்காய், கீரை, காலிபிளவர், கத்தரி, வெண்டை, புடலை இவை தாங்கும். சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். பனீரும் பாதாமும் தயிரும் மாறி மாறி வந்து மூன்றாம் நாளே அலுத்துவிடும். மலச்சிக்கலும் வரும், கீரையும் தண்ணீரும் கூட்டினால் சரியாகும். வாயில் ஒரு வாடை வரும், அது கீட்டோனின் வாடை.

எப்போது தொடங்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆடித்தபசு வாரத்திலும் தீபாவளி, பொங்கல் நெருக்கத்திலும் தொடங்காதீர்கள். சித்திரை வெயிலில் லாரி இறக்கும் நாட்களும் வேண்டாம். வேர்வையிலும் உப்பு போகும். முதல் பத்து நாள் மூட்டையைத் தூக்கி வீரம் காட்டுவதும் வேண்டாம். திருநெல்வேலி அல்வா, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மூன்றுக்கும் நடுவில் குடியிருக்கிற நமக்கு மனக்கட்டுப்பாடு மற்ற ஊர்க்காரரைவிட இரட்டிப்பாக வேண்டும்!

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். இதுவரை சொன்னதெல்லாம் அசௌகரியம். இது உயிர் சம்பந்தப்பட்டது. இன்சுலின் ஊசியோ, கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழ நேரும். இரத்தக்கொதிப்பு மாத்திரையிலும் இப்படியே அழுத்தம் தாழலாம். ஆகவே தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்துவதும் தவறு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று முடிகிற மாத்திரைகள் இப்போது பலருக்கு எழுதப்படுகின்றன. அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு கீட்டோவில் இறங்கினால் இரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு. இதில் விபரீதம் என்னவென்றால், சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல் கண்டால் கீட்டோ காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு வயதிலேயே இன்சுலின் ஊசியில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகம், ஈரல், கணையக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். மற்றவர்களும் தொடங்கும் முன் சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் பார்த்துக்கொள்வது நல்லது. சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் இதில் நன்றாகவே ஏறிவிடுகிறது.

இத்தனை பாடுபட்டு இது அவசியம்தானா என்று கேட்கலாம். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பையும் மறு பிரிவுக்கு மாவுச்சத்தையும் குறைத்து ஓராண்டு பார்த்தது. இரு பிரிவும் இளைத்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் சென்னை மருத்துவர்கள் ஆர்.எம்.அஞ்சனாவும் வி.மோகனும் பங்கேற்ற ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2022-இல் வெளிவந்தது. அது மாவுச்சத்தை மொத்த எரிசக்தியில் ஏறக்குறைய பாதிக்குக் கொண்டுவந்து புரதத்தைக் கூட்டச் சொல்கிறது. நம் நாட்டில் இது 62 சதவீதம் என்று 2025-இல் வந்த ஆய்வு காட்டியது. அரிசி வியாபாரி தன் வியாபாரத்துக்காகப் பேசுகிறான் என்று நீங்கள் நினைத்தாலும் சரி, நம்மில் பெரும்பாலோருக்கு முழுக் கீட்டோ வேண்டாம். இரவுச் சோற்றையும் ஆறு டீயில் நாலையும் நிறுத்தினாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

சரக்கு வைப்போருக்கு ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல் பாதாம், நெய், வெண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. பாக்கெட் பனீருக்கு அறவே இல்லை. பழைய விலை ஒட்டிய பாக்கெட் இன்னும் கிடந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். பாதாமை வெயில் படும் கண்ணாடி ஜாடியில் வைத்தால் சீக்கிரம் காறிவிடும். குளிர்ந்த இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வையுங்கள். இந்தச் சரக்கை வாங்குகிற வீடு எத்தனை வாரம் வாங்கும் என்று யாருக்கும் தெரியாது.