பணியும் பெயரும்



ஒரு துறையில் ஆர்வம் கொள்வது எளிது. அதற்கு ஆட்பட்டு நிற்பது அரிது. இவ்வேறுபாட்டை எங்கள் தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒருவரைக் கொண்டு விளக்க எண்ணுகிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் செல்லும் வழியில் விக்கிரமசிங்கபுரம் இருக்கிறது. பிற்காலத்தில் பஞ்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஆனந்தக்கூத்தருக்கும் மயிலம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் முக்களாலிங்கர். சிவஞான முனிவர் என்றால் உங்களுக்கு விளங்கும்.

பள்ளியிலிருந்து திரும்பும்போது திருவாவடுதுறை மடத்துத் தம்பிரான்களைக் கண்டு, வீட்டுக்கு அழைத்து வந்து அமுது செய்வித்தார் என்றும், பிறகு அவர்களுடனேயே சென்றுவிட்டார் என்றும் அவர் வரலாறு கூறுவர். கேட்போரைக் கவர்வது இந்தப் புறப்பாடுதான். எனக்கோ அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு நாளைய உணர்ச்சியில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் எத்தனையோ பேர். புறப்பட்ட பின் என்ன செய்தார் என்பதன்றோ கேள்வி?

நீங்கள் வகுப்பில் பயிலும் நன்னூலையே எடுத்துக்கொள்வோம். அதை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். ஊற்றுமலை மருதப்பத் தேவரின் விருப்பப்படி அதற்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிச் சைவர். அவ்வுரை சிவஞான முனிவர் கைக்கு வந்தது. குறைகள் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அவருடைய புலமைக்குப் புதியதோர் உரையைத் தம் பெயரிலேயே எழுதியிருக்கலாம், தடுப்பார் யார்? அவரோ முன்னவர் உரையையே வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் கூட்டியும் வேண்டாத இடத்தில் நீக்கியும் செப்பஞ்செய்தார். 1851இல் ஆறுமுக நாவலர் அதை அச்சேற்றினார். இன்றும் அது சங்கர நமச்சிவாயர் செய்து சிவஞான முனிவர் திருத்திய உரை என்றே வழங்குகிறது. பிறர் கட்டிய வீட்டின் ஒழுக்கை அடைப்பதற்கு, புது வீடு கட்டுவதைவிட மிகுந்த பொறுமை வேண்டும். சமணர் நூலுக்குச் சைவர் இருவர் இவ்வளவு உழைத்தார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

அவரைச் சாந்தமே உருவானவர் என்று எண்ணிவிட வேண்டா. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’! சூறாவளியில் களையோடு பயிரும் சாயும். அம்மறுப்பில் கடுமை சற்று மிகுதி என்பது என் கருத்து. ஆயினும், பிழையென்று கண்டதை அப்படியே விட்டுவிட மாட்டாத அந்த உள்ளந்தான் நன்னூலுரையையும் திருத்தியது.

“உழைத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?” என்று இன்று மாணவர் கேட்கின்றனர். கேட்பதில் தவறில்லை, வயிற்றுக்கு வழி வேண்டுமே! ஆனால் எல்லாப் பணியையும் அந்த அளவுகோலால் அளக்க முடியுமா? மெய்கண்டாரின் சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது. அதற்கு முனிவர் எழுதிய மாபாடியமோ கடல் போன்றது. அவர் மறைந்தது 1785இல். மாபாடியம் நெடுங்காலம் மடத்து ஏடாகவே இருந்து, முழுமையாக அச்சில் வந்தது 1936இல். இடையில் 151 ஆண்டுகள்! இத்தகைய நூலை அத்தனை காலம் வெளியார் எளிதில் காணாதபடி வைத்திருந்தது நமக்கு இழப்பே. ஆனால் அதைக் காத்தவர்களின் உழைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பனையோலை தானாக நிலைப்பதன்று. எண்ணெய் பூச வேண்டும். செல்லும் பூச்சியும் அணுகாமல் பார்க்க வேண்டும். நைந்துபோனால் எழுத்தாணி பிடித்து எழுத்தெழுத்தாகப் புதிய ஓலையில் பெயர்க்க வேண்டும். மாபாடியத்தை ஆக்கியவர் பெயரை நாம் அறிவோம். அந்த ஏடுகளுக்கு எண்ணெய் பூசியவர்களின் பெயர் எந்த நூலின் முகப்பிலும் இல்லை.