விளையாட்டுக் கணிப்பொறியும் நம் ஊர் வெயிலும்

விளையாடுவதற்கென்றே ஒரு கணிப்பொறி வேண்டும் என்று மகன் கேட்பதும், அதற்கு இத்துணைப் பணமா என்று தந்தை திகைப்பதும் இன்று பெருநகரங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. அய்யலூர் போன்ற ஊர்களிலும் இந்தப் பேச்சு எழுகின்றது. பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தை நான் குறிப்பிடவில்லை. அது விலக்கத் தக்கது. விரைவும் கூர்ந்த பார்வையும் வேண்டப்படும் மின்விளையாட்டுகளையே குறிப்பிடுகின்றேன். 2023-ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவை பதக்கத்துக்குரிய போட்டிகளாகவே இடம் பெற்றன. ஆதலால் இளைஞரின் விருப்பத்தை எள்ளி நகையாடுதல் வேண்டா. ஆயினும், குடும்பத்தின் சேமிப்பைச் செலவிடும் இடத்தில், எதை வாங்குகிறோம், ஏன் வாங்குகிறோம் என்பதைத் தெளிந்து வாங்குதல் வேண்டும்.

முதலில் திரையைப் பற்றிச் சிறிது அறிவோம். திரையில் நாம் காணும் அசைவு, அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து மாறுவதால் உண்டாகும் தோற்றமே ஆகும். திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். சாதாரணக் கணிப்பொறித் திரை நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட திரைகளோ 144 முறை, 240 முறை என்று புதுப்பிப்பவை. நொடிக்கு 60 படங்கள் எனில், ஒரு படத்தை ஆக்குவதற்கு நொடியை ஆயிரம் கூறிட்டதில் ஏறத்தாழ 17 கூறு நேரம் கிடைக்கும். 144 படங்கள் எனில் 7 கூறு. 240 படங்கள் எனில் 4 கூறுக்குச் சற்று மேல். இந்தச் சிறு பொழுதுக்குள் ஒரு படம் முழுவதும் ஆயத்தமாகிவிட வேண்டும்.

இவ்வேலையை இருவர் பகிர்ந்து செய்கின்றனர் எனலாம். பிராசசர் என்னும் நுண்செயலி, ஆட்டத்தில் யார் எங்கே நிற்கின்றார், எறிந்த பொருள் எவ்வழி செல்கின்றது, சுவர் எங்கே தடுக்கின்றது என்பவற்றைக் கணக்கிட்டுச் சொல்லும். கிராபிக்ஸ் அட்டை அவ்வாறே படத்தைத் தீட்டும். படத்தின் நுணுக்கம் மிகுந்தால் தீட்டுபவருக்கு வேலை மிகும். படங்களின் எண்ணிக்கை மிகுந்தால் கணக்கிடுபவருக்கு வேலை மிகும். ஆகவே விரைவுத் திரை வைத்திருப்போருக்கு நுண்செயலியின் தேர்வு இன்றியமையாதது. 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரையை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த நுண்செயலி வாங்குவது, ஒற்றையடிப் பாதையில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்குவது போன்றது.

நல்ல நுண்செயலியை எவ்வாறு அறிவது? வியாழக்கிழமைதோறும் அய்யலூரில் கூடும் ஆட்டுச் சந்தையில் கொம்பின் அழகைக் கண்டு ஆடு பிடிப்பவர் இலர். வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பின்னரே பேரம் பேசுவர். கணிப்பொறிக் கடையில் கிகாஹெர்ட்ஸ் என்னும் வேக எண்ணும், ‘கோர்’ என்னும் உட்கருக்களின் எண்ணிக்கையும் கொம்பு போன்றவை. முதலில் கண்ணில் படுபவை. அவை வேண்டியவையே. எனினும் விளையாட்டைப் பொறுத்தவரை ‘கேஷ்’ என்னும் அண்மை நினைவகத்தின் அளவே பல்லைப் போன்றது. சமைப்பவர் கைக்கெட்டும் தொலைவில் அஞ்சறைப்பெட்டி இருந்தால் தாளிப்பு கருகாது. ஒவ்வொரு முறையும் கடுகுக்குச் சரக்கறை வரை நடந்தால் கருகிவிடும். அந்த அஞ்சறைப்பெட்டிதான் கேஷ்.

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இரு நுண்செயலிகளை ஒப்பிட்டால் இது விளங்கும். இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ9-14900கே 24 உட்கருக்கள் கொண்டது; 6 கிகாஹெர்ட்ஸ் வரை விரைவது; முழு விசையில் 253 வாட் வரை மின்சாரம் உண்பது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 7800எக்ஸ்3டி 8 உட்கருக்களே கொண்டது. 5 கிகாஹெர்ட்ஸ் வரையே விரைவது. ஆயினும் அதில் 96 மெகாபைட் அளவுள்ள பெரிய கேஷ் உண்டு. பல விளையாட்டுகளில் இச்சிறியது அப்பெரியதற்கு இணையாகவோ சற்று மேலாகவோ படங்களைத் தருகின்றது. அப்போதும் பெரும்பாலும் 100 வாட்டுக்குக் குறைவாகவே செலவிடுகின்றது. காணொளி தொகுத்தல் போன்ற வேறு பெரும்பணிகளும் செய்பவருக்கு உட்கருக்கள் மிகுந்தது உதவும். ஆட்டத்துக்கு மட்டும் எனில் அது தேவையில்லை.

நாம் வாட் கணக்கைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நுண்செயலிக்குள் செல்லும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகின்றது. அவ்வெப்பம் குறிப்பிட்ட எல்லையைத் தொட்டால், நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேற்சொன்ன 7800எக்ஸ்3டிக்கு அவ்வெல்லை 89 டிகிரி. பணம் கொடுத்து வாங்கிய வேகம் அவ்விடத்தில் பயனின்றிப் போகின்றது.

இங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் ஓர் உண்மையை மறத்தலாகாது. விசிறியால் குளிர்விப்பதாயினும், நீரால் குளிர்விப்பதாயினும், இவை எவையும் நுண்செயலியை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுவர மாட்டா. மின்விசிறி நமக்குக் குளிர்ச்சி தருவது வியர்வையை உலர்த்துவதால்; மண்பானை நீர் குளிர்வது அதன் புறத்தே கசியும் ஈரம் ஆவியாவதால். இயந்திரத்துக்கு வியர்வை இல்லை. எனவே அறையின் வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறும் என்பதே கணக்கு. ஒரு சிறு குளிர்விப்பானோடு, 22 டிகிரி உள்ள குளிரூட்டிய ஆய்வறையில் ஒரு நுண்செயலி 75 டிகிரி காட்டுகிறது என்று கொள்வோம். ஏற்றம் 53 டிகிரி. சித்திரை வெயிலில் 38 டிகிரி உள்ள நம் அறையில் அதுவே 91 டிகிரிக்கு ஏற முயலும். ஆய்வறையில் குறையின்றி ஓடிய பொறி இங்கே எல்லையில் முட்டி வேகத்தைக் குறைக்கும். தகரக் கூரையின் கீழ் நிலைமை இன்னும் கடிது. ஆகவே பிறர் எழுதிய மதிப்புரையைப் படிப்போர், அவர்கள் அறையின் வெப்பத்தையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

குளிர்விப்பான்கள் இருவகைப்படும். காற்றால் குளிர்விப்பதில், செம்புக் குழாய்கள் நுண்செயலியின் தலைமேல் படிந்திருக்கும். அவற்றின் உள்ளே அடைபட்ட சிறிதளவு நீர்மம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகித் திரும்பும். இட்லிப் பானையின் மூடியில் ஆவி நீராகத் துளிர்ப்பதைக் காண்கிறோம் அல்லவா? அதே செயல்தான். குழாய்கள் சுமந்துவந்த வெப்பத்தைத் தகடுகள் பெற, விசிறி அதைக் காற்றில் கலக்கின்றது. நீரால் குளிர்விப்பதில் ஒரு சிறு பம்பு நீர்மத்தைச் சுழலச் செய்கின்றது. 250 வாட் உண்ணும் நுண்செயலிக்கு இது பொருந்தும். ஆனால் பம்பு பழுதானால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற நேரும். காற்று வகையிலோ பழுதாவது விசிறி மட்டுமே; சிறு செலவில் மாற்றலாம். 100 வாட் அளவினதாகிய நுண்செயலிக்கு நல்லதொரு காற்றுக் குளிர்விப்பானே போதும்.

பொறியின் பெட்டியும் வீடு போன்றதே. முன்புறம் காற்று நுழையவும், பின்புறமும் மேற்புறமும் வெளியேறவும் வழி வேண்டும். சுவரை ஒட்டி வைத்தலாகாது. காற்றோடு புழுதியும் வருமாதலால், மாதம் ஒருமுறை மின்னிணைப்பை நீக்கி மென்மையான தூரிகையால் வலையைத் துடைத்தல் நன்று. குளிர்விப்பானைப் பொருத்தும்போது அதன் அடியில் ஒட்டியுள்ள மெல்லிய தாளை உரித்துவிட்டு, வெப்பப் பசையைப் பட்டாணி அளவே இடுதல் வேண்டும்.

இறுதியாகப் பணத்துக்கு வருவோம். பூட்டுக்குப் பெயர் பெற்ற திண்டுக்கல் வட்டாரத்தாருக்குச் சாவி பூட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நுண்செயலியும் தாய்ப்பலகையிலுள்ள பொருத்துவாயும் அத்தகையவை. ஏஎம்டியின் ஏஎம்5 என்னும் பொருத்துவாயில் 7800எக்ஸ்3டியும் பொருந்தும். 65 வாட் கணக்கினதும், குளிர்விப்பானோடு சேர்த்தே விற்கப்படுவதும் ஆகிய ரைசன் 5 7600-உம் பொருந்தும். 144 முறை புதுப்பிக்கும் திரைக்குப் பல விளையாட்டுகளில் இந்த எளிய நுண்செயலியே ஈடு கொடுக்கும். இன்று இதனை வாங்கி, பின்னர்க் கையில் பணம் சேர்ந்தபோது, பூட்டை மாற்றாமல் சாவியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நகையை அடகு வைத்து 240 முறைத் திரைக்குரிய பொறியை முதல் நாளே வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஆகவே, பிள்ளைகள் வாங்கும் முன் மூன்று எண்களைத் தாளில் எழுதித் தந்தையிடம் காட்டட்டும்: திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கும், நுண்செயலி எத்தனை வாட் உண்ணும், கோடையில் நம் அறை எத்தனை டிகிரி சுடும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமாயின், வாங்கும் பொறி சிறியதாயினும் சித்திரையிலும் சோர்வின்றி உழைக்கும்.