கடலில் எடுத்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு?



எண்ணெய்க் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் 'உற்பத்தி' என்று ஒரு எண்ணும், 'விற்பனை' என்று ஒரு எண்ணும் இருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. "மீதி எங்கேப்பா போச்சு? யாராவது சுருட்டிட்டாங்களா?" என்று கேட்கத் தோன்றும். நம் பக்கத்துக் கடலில் இருக்கும் ஒரு சின்ன எண்ணெய் வயலை வைத்தே இதற்கு விடை தேடுவோம்.

பி.ஒய்-3 வயல்

பாண்டிச்சேரிக்குத் தெற்கே சுமார் 80 கி.மீ. தூரத்தில், காவிரிப் படுகையில் இருப்பது பி.ஒய்-3. 1988-ல் ஓ.என்.ஜி.சி. கண்டுபிடித்தது. 1994 டிசம்பரில் தனியார் கம்பெனிகளும் சேர்ந்த உற்பத்திப் பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1997-ல் எண்ணெய் வரத் தொடங்கியது. சென்னை பெட்ரோலியம் நிறுவனம் அதை வாங்கிச் சுத்திகரித்தது.

சின்ன வயலுக்காகக் கரை வரை குழாய் போட்டால் கட்டுப்படியாகாது. எனவே மிதக்கும் மேடை ஒன்றில் எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றையும் பிரித்தார்கள். பக்கத்தில் நின்ற 65,000 டன் டாங்கர் கப்பலே சேமிப்புத் தொட்டி. அது நிரம்பி வரும்போது வேறொரு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

கணக்கைப் பார்ப்போமா?

ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். இந்த வயலின் எண்ணெய் மிக லேசானது, 49 டிகிரி ஏ.பி.ஐ. 141.5-ஐ (131.5 + 49)-ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி 0.784 வரும். அப்படியானால் ஒரு பீப்பாயின் எடை சுமார் 125 கிலோ, ஒரு டன்னுக்கு 8 பீப்பாய்.

உதாரணத்துக்கு ஒரு நாளைக்கு 3,000 பீப்பாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினால் வருடத்துக்கு 10,95,000. தலா 2,50,000 பீப்பாய் வீதம் நான்கு முறை கப்பலில் ஏற்றினால் விற்பனை 10,00,000. மீதி 95,000 பீப்பாய் களவு போகவில்லை. டாங்கரில் பத்திரமாக இருக்கிறது! அது அடுத்த வருட விற்பனையில் சேரும். சில வருடம் பழைய இருப்பும் சேர்ந்து, விற்பனை உற்பத்தியைத் தாண்டுவதும் உண்டு.

இன்னொரு விஷயம் வெப்பநிலை. இவ்வளவு லேசான எண்ணெய் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் விரியும். 2,50,000 பீப்பாயில் அது 2,500 பீப்பாய்! அதனால்தான் அளவை ஒரு நிலையான வெப்பநிலைக்கு மாற்றி, கலந்திருக்கும் தண்ணீரையும் வண்டலையும் கழித்த பிறகே பில் போடுகிறார்கள். லேபில் நாம் அலட்சியமாகப் படிக்கிற தெர்மாமீட்டருக்கு அங்கே லட்சக்கணக்கில் மதிப்பு.

ஏற்றும் தேதியும் முக்கியம். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட விலை, அதே டிசம்பரில் 40-க்கும் கீழே போனது. கப்பல் சில வாரம் தாமதமானாலும் கம்பெனியின் வருமானமும் அரசின் பங்கும் மாறிவிடும்.

வயல் ஏன் நின்றது?

மிதக்கும் மேடைக்கும் டாங்கருக்கும் தினவாடகை உண்டு. 3,000 பீப்பாய் வந்தாலும் 300 வந்தாலும் வாடகை குறையாது. வயல் வயசாக ஆக எண்ணெய் குறையும், தண்ணீர் கூடும், ஒரு பீப்பாய்க்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். 2 கோடி பீப்பாய்க்கு மேல் தந்த பி.ஒய்-3, மேடைக்கான ஒப்பந்தம் முடிந்ததும் 2011 ஜூலையில் நிறுத்தப்பட்டது. புது ஏற்பாடு அமையாமலே வருடங்கள் ஓடின. அடியில் எண்ணெய் தீர்ந்துவிடவில்லை. அதை எடுத்துக் கரை சேர்க்கிற வழிதான் இல்லாமல் போனது.

நண்பர்களே, பூமிக்கடியில் எண்ணெய் இருந்தால் மட்டும் போதாது. பம்பு, வால்வு, மீட்டர், கப்பல் வாடகை எல்லாம் கூடி வந்தால்தான் அது பணமாகும். அந்தச் செலவை ஒரு ரூபாயாவது குறைக்கிற வேலை நம் போன்ற டிப்ளமோக்காரர்களின் கையில்தான் இருக்கிறது. இனி ஆண்டறிக்கையைப் பார்த்தால் உற்பத்தி எண்ணோடு நிற்காதீர்கள். விற்பனை எவ்வளவு, இருப்பு எவ்வளவு, ஒரு பீப்பாய்க்குச் செலவு எவ்வளவு என்று சேர்த்தே பாருங்கள். வயலின் ஆயுள் அதில் தெரியும்.