விழுந்த வீரரைப் போற்றலாமா?



சென்ற மாதம் வானொலியில் ஸ்காபரோவில் வளர்ந்த விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பேசியபோது பென் ஜோன்சனின் பெயரையும் சொன்னேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, மருந்து அடிச்சுப் பிடிபட்ட ஆளை ஏன் தூக்கிப் பிடிக்கிறியள்? என்ரை மகன் பள்ளிக்கூடத்திலை ஓடுறவன். அவனுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டார். அன்று நேரம் போதாமல் ஏதோ சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டேன். சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. ஆகவே இந்த மாத உரையை அவருடைய கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

இளைய நேயர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். பென் ஜோன்சன் 1961ஆம் ஆண்டு ஜமெய்க்காவில் பிறந்தவர். 1976இல், பதினான்கு வயதில், கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. பேசும்போது திக்கும். மெலிந்த உடம்பு. ஸ்காபரோ ஒப்ரிமிஸ்ற் கழகத்தில் சார்லி பிரான்சிஸ் என்ற பயிற்றுநரிடம் ஓடப் பழகினார். 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றரில் வெண்கலம் வென்றார். 1987இல் ரோம் நகரில் 9.83 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். 1988 செப்டெம்பர் 24ஆம் திகதி சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கார்ல் லூயிஸைப் பின்னுக்குத் தள்ளி 9.79 செக்கனில் ஓடி முடித்தார். இங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு. பிரதமர் பிறையன் மல்றோனி தொலைபேசியில் வாழ்த்தியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

மூன்றே நாட்கள்தான். ஸ்ரனோசொலோல் என்ற ஸ்ரெரொயிட் மருந்து அவருடைய சிறுநீரில் இருந்தது தெரியவந்து பதக்கம் பறிக்கப்பட்டது. தங்கம் லூயிஸுக்குப் போனது.

அதற்குப் பின் கனடிய அரசு நீதிபதி சார்ள்ஸ் டுபின் தலைமையில் விசாரணை ஒன்றை நியமித்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த 1989ஆம் ஆண்டில் தொலைக்காட்சியைத் திறந்தால் அந்த விசாரணைச் செய்திதான். மருந்துப் பழக்கம் 1981இலேயே தொடங்கிவிட்டது என்று பயிற்றுநர் பிரான்சிஸ் சாட்சியம் சொன்னார். முதலில் மறுத்து வந்த பென் ஜோன்சனும் அந்த ஆண்டு ஜூன் மாதம் சத்தியம் செய்து உண்மையை ஒப்புக்கொண்டார். ரோமில் படைத்த சாதனையும் அழிக்கப்பட்டது. தடைக்காலம் முடிந்து 1991இல் மீண்டும் ஓட வந்தார். 1993இல் மொன்றியலில் மறுபடியும் அகப்பட்டார். இம்முறை வாழ்நாள் தடை.

எனக்கு அவர் மீது நீண்ட நாட்களாக ஓர் இரக்கம் உண்டு. பதக்கம் இருந்தவரை அவரைக் கனடிய வீரர் என்றார்கள், பதக்கம் போனதும் ஜமெய்க்காவில் பிறந்தவர் என்றார்கள் என்று இங்குள்ள கரிபியன் மக்கள் இன்றும் கசப்போடு சொல்வார்கள். வேறு நாட்டில் பிறந்து இங்கு வந்து வாழும் எவருக்கும் இது சுருக்கென்று தைக்கும். வென்றால் நம்மவன், தோற்றால் வந்தவன். அந்த நியாயம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அவர் மட்டுமா செய்தார் என்ற எண்ணம். சியோல் இறுதியோட்டத்தில் ஓடிய எட்டுப் பேரில் ஆறு பேருடைய பெயர்கள் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு வகையில் ஊக்கமருந்து விவகாரங்களில் அடிபட்டன. கார்ல் லூயிஸே 1988ஆம் ஆண்டு அமெரிக்கத் தெரிவுப் போட்டிகளின்போது தூண்டுமருந்துப் பரிசோதனையில் சிக்கியிருந்தார் என்பது 2003இல் வெளிவந்தது. தெரியாமல் உட்கொண்டது என்று அவருடைய நாட்டு ஒலிம்பிக் சபை ஏற்றுக்கொண்டு அவரை விடுவித்திருந்தது. வெள்ளி பெற்ற பிரித்தானியாவின் லின்ஃபோர்ட் கிறிஸ்ரி 1999இல் பரிசோதனையில் அகப்பட்டு இரண்டு ஆண்டுத் தடை பெற்றார். தான் குற்றம் செய்யவில்லை என்றே அவர் சொல்லிவந்தார். பென் ஜோன்சனோடு அதே பயிற்றுநரிடம் பயின்ற டெசாய் வில்லியம்ஸும் அந்த ஓட்டத்தில் இருந்தார். மருந்து எடுத்ததை அவரும் டுபின் விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் செய்ததைத்தானே அவரும் செய்தார், அவரை மட்டும் ஏன் சிலுவையில் அறைய வேண்டும்? பல ஆண்டுகளாக நான் இப்படித்தான் வாதாடி வந்தேன்.

அந்தத் தாயாரின் கேள்விக்குப் பிறகு பழைய ஓட்டத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இம்முறை முதலில் வந்தவரை விட்டுவிட்டு நான்காவதாக வந்தவரைப் பார்த்தேன். அவர் பெயர் கல்வின் சிமித். அமெரிக்கர். 1983இல் 9.93 செக்கனில் ஓடி 100 மீற்றர் உலக சாதனையை வைத்திருந்தவர். 200 மீற்றரில் 1983இலும் 1987இலும் உலகச் சம்பியன். சியோலில் அவருடைய நேரம் 9.99. பென் ஜோன்சன் நீக்கப்பட்ட பின் வெண்கலம் அவருக்குக் கிடைத்தது. ஊக்கமருந்து விவகாரம் எதிலும் பெயர் அடிபடாத அந்த இருவரில் அவர் ஒருவர். மற்றவர் பிரேசிலின் ரொப்சன் டா சில்வா.

"எல்லோரும் செய்தார்கள்" என்ற வாதம் இந்த இடத்தில் உடைந்து போகிறது. எல்லோரும் செய்யவில்லை. நான்காவதாக ஓடி வந்த ஒருவர் செய்யவில்லை. நான் பென் ஜோன்சனுக்காக இரங்கிய இத்தனை ஆண்டுகளில் கல்வின் சிமித்தின் பெயரை ஒரு தடவையாவது வானொலியில் சொன்னேனா? இல்லை.

பொதுவெளியில் ஒருவரைப் போற்றுவது நம் மனதோடு நின்றுவிடும் காரியமல்ல. நாம் ஒருவருக்கு மாலை போடும்போது, அவரால் பாதிக்கப்பட்டவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உனக்கு நடந்தது எங்களுக்குப் பெரிதல்ல என்று அந்த மாலை அவருக்குச் சொல்லிவிடக்கூடும்.

பென் ஜோன்சனின் தவறு விளையாட்டுக்கு உள்ளேயே நடந்தது. வெளியே நடந்த தவறுக்குக் குத்துச்சண்டை வீரர் மைக் ரைசனை எடுத்துக்கொள்வோம். 1986இல், இருபது வயதில், அதிபார எடைப் பிரிவில் உலகச் சம்பியனானவர். வறுமையிலும் தெருச் சண்டையிலும் வளர்ந்த பிள்ளை. அவருடைய குத்துகளில் பொய் இல்லை. ஆனால் 1992இல் பதினெட்டு வயதுப் பெண் ஒருவரைப் பாலியல் வல்லுறவு செய்தார் என்று இண்டியானா நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. தான் செய்யவில்லை என்று அவர் சொல்லிவந்தார். மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்து 1995இல் வெளியே வந்தார். அந்த ஆண்டு நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் அவருக்கு வரவேற்பு ஏற்பாடு செய்தார்கள். அதை எதிர்த்து முன்னின்றவர்களில் பலர் அதே கறுப்பினச் சமூகத்துப் பெண்கள். அவன் எங்கள் பிள்ளை என்றால், அவளும் எங்கள் பிள்ளைதானே என்பதே அவர்கள் நின்ற நியாயம்.

ஆக, ஒருவரைப் போற்றுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். முதலாவது, நாம் வியக்கும் அந்தச் செயல் உண்மையானதா? ரைசனுக்கு விடை ஆம். 9.79 செக்கனுக்கு விடை இல்லை. இரண்டாவது, அவருடைய தவறுக்கு விலை கொடுத்தவர் யார், அவருக்கு நியாயம் கிடைத்ததா? மூன்றாவது, பிடிபட்ட பிறகு அவர் என்ன செய்தார்? பென் ஜோன்சன் விசாரணையில் ஒப்புக்கொண்டது அவருக்குச் சாதகம். 1993இல் மறுபடியும் அகப்பட்டது பாதகம்.

திறமையைப் பார்த்து வியக்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ரைசனின் பழைய சண்டைகளைப் பார்த்து வாய் பிளப்பவர் குற்றவாளி அல்ல. ஆனால் வியப்பு வேறு, மரியாதை வேறு. மேடையில் ஏற்றி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைதட்ட வைப்பது அந்த இரண்டாவது வகை. அதற்குமுன் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் பெரிய மனிதர்களைப் பற்றிய பேச்சு. இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நம்மவர்களின் கோடைகால உதைபந்தாட்டப் போட்டி ஒன்றின் ஏற்பாட்டுக் குழுவில் நான் இருந்தேன். பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி. ஓர் அணியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் விளையாடுகிறான் என்பது அரையிறுதிக்கு முன்பே எங்களுக்குத் தெரியவந்தது. "பிள்ளைகளின் விளையாட்டுத்தானே, மைதானம் நிறையச் சனம் வந்திருக்கிறது, இப்போது பிரச்சினை வேண்டாம்" என்று பேசி முடித்தோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். இறுதிப் போட்டியில் அந்தப் பையன் மூன்று கோல் அடித்தான். தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். பரிசளிப்பில் அவனுக்குக் கைகொடுத்தேன்.

தோற்ற அணியின் கோல் காப்பாளருக்குப் பதின்மூன்று வயது. அடுத்த கோடையில் அந்தப் பிள்ளை விளையாட வரவில்லை. தகப்பனாரிடம் கேட்டேன். "அவனுக்கு இனி விருப்பமில்லையாம்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கோல் அடித்த பையன் இன்று இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். "அங்கிள், எனக்குப் பிழை எண்டு தெரியும். ஆனா ஒரு பெரிய ஆளும் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றார். பென் ஜோன்சனுக்கு அந்த மருந்தைப் பற்றி முதலில் சொன்னபோது அவருக்கும் பத்தொன்பது வயதுதான். சொன்னவர் பயிற்றுநர். வயது அவருடைய தவறை அழித்துவிடாது. ஆனால் பழியை ஓடியவன் தலையில் மட்டும் வைத்துவிட்டு, ஓட வைத்தவர்கள் நல்ல பிள்ளைகளாக வீட்டுக்குப் போவது நியாயமில்லை.

இந்த விடயத்தில் கனடா செய்த ஒன்றை நாம் கவனிக்கலாம். தன் மானம் போகும் என்று தெரிந்தும் வெளிப்படையாக விசாரணை வைத்தது. பயிற்றுநர், வைத்தியர், வீரர் எல்லோரும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். 1990இல் அறிக்கை வந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 1999இல் உருவானபோது அதன் முதல் தலைவராக வந்தவர் டிக் பவுண்ட் என்ற கனடியர். சியோலில் பென் ஜோன்சனுக்காக வாதாடியவரும் அவரேதான். அந்த அமைப்பின் தலைமையகம் இன்று மொன்றியலில் இருக்கிறது. நாங்களோ ஒரு சிறுவர் போட்டியில் ஒரு பிறப்புச் சான்றிதழைக் கேட்கப் பயந்தோம்.

இந்த உரையை எழுதத் தொடங்கும் முன் அந்தக் கோல் காப்பாளரின் தகப்பனாருக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இப்ப என்னத்துக்கு அண்ணை" என்றார். ஆனாலும் உடனே தொலைபேசியை வைக்கவில்லை. மகன் அன்று இரவு அழுததையும், தானும் மனைவியும் அவனைத் தேற்றியதையும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவருக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது.

இனி அந்தத் தாயாருக்கு என் பதில். அம்மா, உங்கள் மகனிடம் பென் ஜோன்சனின் கதையை மறைக்காதீர்கள். திக்கிப் பேசிய ஒரு புலம்பெயர்ந்த பிள்ளை இதே ஸ்காபரோவில் கடுமையாக உழைத்தான் என்று சொல்லுங்கள். அந்த உழைப்புக்குள் ஒரு பொய்யும் சேர்ந்துகொண்டது, அதனால் உழைப்பு எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது என்றும் சொல்லுங்கள். அவரைக் கேலி செய்ய வேண்டாம், அவர் படத்தைச் சுவரில் ஒட்டவும் வேண்டாம். பிறகு அந்த ஓட்டத்தைப் போட்டுக் காட்டி, நான்காவதாக வருபவர் யார் என்று கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள்.

சென்ற மாதம் நான் சொல்லாமல் விட்டது அந்தப் பெயரைத்தான். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.