கருவி மௌனித்தால்...



மாத்தளையானாலும் தம்புள்ளையானாலும், வார்ட்டில் "போனை அணைத்து வையுங்கள்" என்று தாதி சொன்னால் நம்மில் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. காரணமில்லாமல் அவர் சொல்வதில்லை.

1998 பெப்ரவரியில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பரீட்சித்துப் பார்த்தது. உடனே, அதே அலைவரிசையில் இயங்கிவந்த பேய்லர் வைத்தியசாலையின் கம்பியில்லா இருதயக் கண்காணிப்புக் கருவிகள் பல செயலிழந்தன. கருவிகளில் பழுதில்லை, அலைவரிசையில்தான் நெரிசல். நல்லவேளை, எந்த நோயாளிக்கும் பாதிப்பில்லை. 2000ஆம் ஆண்டில் அந்நாடு மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி அலைவரிசைகளை ஒதுக்கியது.

நம் வீட்டுக்கும் இதில் பாடமுண்டு. பேஸ்மேக்கர் பொருத்திய வாப்பா, கையடக்கத் தொலைபேசியை நெஞ்சுப் பையில் வைக்கலாகாது. 15 சென்டிமீற்றராவது விலகியிருக்க வேண்டும். பேசும்போது மறுபக்கக் காதில் வைக்கட்டும். சீனி வியாதியுள்ள உம்மாவின் கையில் ஒட்டிய உணர்கருவி, அளவைத் தொலைபேசிக்கு அனுப்புகிறதா? தொலைபேசியின் பற்றரி தீர்ந்தால் அதன் எச்சரிக்கை மணியும் அடிக்காது. உம்மா வியர்த்து நடுங்கினால் மணிக்காகக் காத்திராமல் விரலில் குத்திச் சோதியுங்கள்.

கருவி மௌனமாயிருப்பதால் நோயாளி சுகமாயிருக்கிறார் என்றாகிவிடாது. கருவியை நம்புங்கள், நோயாளியின் முகத்தைப் பார்ப்பதை மட்டும் அதனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.